அணைத்துவிட்டு ஊற்று!

இரவுச் சந்தையில் ஒரு வடைக்கடை. மணி எட்டு. வரிசையில் பத்துப் பேர். திடீரென ஜென்செட் இருமுகிறது, விளக்கு மங்குகிறது. எண்ணெய் தீரப் போகிறது. என்ன செய்வாய்?

எனக்குத் தெரியும், தம்பி. இன்ஜினை ஓடவிட்டபடியே டேங்க் மூடியைத் திருகுவாய். கைபேசி விளக்கை வாயில் கவ்விக்கொண்டு, மினரல் வாட்டர் போத்தலில் வைத்திருக்கும் பெட்ரோலைச் சாய்ப்பாய். தடுத்தால், "பயந்தா பொழைக்க முடியுமா அண்ணே?" என்று என்னையே கேட்பாய். அதற்குத் தைரியம் என்று பெயரும் வைத்திருப்பாய்.

நானும் வைத்திருந்தேன். சிம்பாங் பூலாய்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழா. எனக்கு இருபது வயது. ஒலிபெருக்கி நின்றுபோனால் மானம் போய்விடும் என்று, ஓடுகிற ஜென்செட்டிலேயே ஊற்றினேன். கை தவறி ஒரு மடக்கு வழிந்து சைலன்சர் மேல் விழுந்தது. சொய்ங் என்ற சத்தத்தோடு வெள்ளை ஆவி என் முகத்தில் அடித்தது. தீப்பிடிக்கவில்லை. பாட்டும் நிற்கவில்லை. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பந்தலுக்குள் நடந்தேன். அந்த நடையை இன்று நினைத்தாலும் கூசுகிறது. அன்று எனக்கு நம்பர் அடித்தது, அவ்வளவுதான். நம்பர் அடித்தவன் வீரனா?

நம் பாட்டன் காலத்தை எண்ணிப் பார். பல தோட்டங்களில் லயத்துக்கு வெளிச்சம் கொடுத்தது தோட்டத்து இன்ஜின். மாலையில் ஓடும்; இரவில் சொன்ன மணிக்கு நிற்கும். படித்துக்கொண்டிருந்த பிள்ளை பாதிப் பக்கத்தில் புத்தகத்தை மூடி வைக்கும். சுவிட்சு வேறு யார் கையிலோ இருந்தது. இன்று அது உன் கையில் இருக்கிறது! உன் வியர்வையில் வாங்கிய இன்ஜின். கயிற்றை இழுக்கும் தொழிலாளியும் நீ, முதலாளியும் நீ. முதலாளி தன் பொருளைப் படிக்க வேண்டாமா? கூடவே வந்த கையேட்டை முறுக்குப் பொட்டலம் கட்டவா கொடுத்தார்கள்?

அதைத் திற. ஃபோர் ஸ்ட்ரோக் பெட்ரோல் ஜென்செட்டா? பெரும்பாலும் ரோன் 95 போதும். 97 ஊற்றினால் 'பவர்' கூடும் என்பது காப்பிக்கடை விஞ்ஞானம். இன்ஜின் நெருக்கும்போது பெட்ரோல் முன்கூட்டியே வெடித்துவிடாமல் எவ்வளவு தாங்கும் என்பதைத்தான் அந்த எண் சொல்கிறது. சின்ன இன்ஜின் அவ்வளவு கடுமையாக நெருக்குவதே இல்லை. கூடுதல் காசு புகையாகப் போகும். டூ ஸ்ட்ரோக் என்றால் ஆயிலைப் பெட்ரோலோடு கலக்க வேண்டும். கையேடு 50-க்கு 1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி. கண்ணளவு இங்கே உதவாது. டீசல் மாறி விழுந்துவிட்டதா? கயிற்றைத் தொடாதே, முதலில் டேங்கைக் காலி செய். போன தீபாவளிக்கு மிஞ்சிய பெட்ரோலும் வேண்டாம். கோப்பையில் விட்ட ரப்பர் பால் கட்டிப்பாலாவது போல, பழைய பெட்ரோல் கார்புரேட்டருக்குள் பிசினாகி அடைத்துக்கொள்ளும்.

அந்த மினரல் வாட்டர் போத்தலை இன்றே ஒழி. தாகத்தில் ஒரு குழந்தை அதை எடுத்தால்? பெட்ரோலுக்கென்றே செய்த கலன் வாங்கு. நிலையத்தில் நிரப்பும்போது அதை வேனில் வைத்தபடி நிரப்பாதே, தரையில் இறக்கி வை. நிலைமின்சாரத்தின் ஒரு சின்னப் பொறி போதும்.

பெட்ரோலின் குணம் அப்படி. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 40 டிகிரி குளிரில்கூட அது பற்றக்கூடிய ஆவியை விடும். நம் ஈப்போ வெயிலில் கேட்கவா வேண்டும்! அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். மேலே போகாது, பாம்பு மாதிரி தரையோடு ஊரும். உன் வடைச் சட்டிக்குக் கீழே கேஸ் அடுப்பு எரிந்துகொண்டிருக்கிறது. எத்தனை அடி தள்ளி இருக்கிறது என்று ஒருநாளாவது அளந்தாயா?

அதனால் அணை. அடுப்பையும் அணை. கால் மணி நேரம் ஆறவிடு. கலனைத் திறந்து நிதானமாக ஊற்று, கழுத்துவரை வேண்டாம். சூட்டில் பெட்ரோல் விரியும், அதற்கு இடம் விடு. சிந்தினால் துடைத்து, காய்ந்து வாடை போகும்வரை கயிற்றில் கை வைக்காதே. பக்கத்தில் தூள் தீயணைப்பான் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றினால், தண்ணீர் மேல் மிதந்து தீ பரவும். இன்னொன்று: மழை பெய்கிறதென்று ஜென்செட்டைக் கூடாரத்துக்குள் இழுக்காதே. அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தூக்கம் வருவது போலத்தான் ஆளைத் தூக்கும். வீட்டிலானால் கதவு ஜன்னலிலிருந்து 20 அடியாவது தள்ளி வை.

"அதுக்குள்ள வரிசை கலைஞ்சிடுமே அண்ணே?"

கலைந்தால் கலையட்டும்! கேமரன் மலையிலிருந்து 185-ஆம் சாலையில் காய்கறி ஏற்றிச் சிம்பாங் பூலாய்க்கு இறங்கும் லாரிக்காரரைப் பார்த்திருக்கிறாயா? சரிவு வருவதற்கு முன்பே கியரைக் குறைக்கிறார். பின்னால் ஹாரன் அடிக்கிறார்கள். அவர் சட்டை செய்வதே இல்லை. அவரைக் கோழை என்று சொல்லிப் பாரேன்.

நீயும் சொல்: "அக்கா, கால் மணி நேரம். எண்ணெய் ஊத்தணும்." குரல் நடுங்காமல் சொல். நாலு பேர் போவார்கள். ஆறு பேர் நிற்பார்கள். அதுகூட வேண்டாமென்றால் கணக்குப் போடு. ஒரு டேங்க் எத்தனை மணி நேரம் வருகிறது? இரண்டு இரவு குறித்து வைத்தால் தெரிந்துவிடும். 1996 ஆகஸ்ட் 3 அன்று தீபகற்ப மலேசியா முழுக்கக் கரண்டு போனபோது யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் உன் டேங்க் எப்போது காலியாகும் என்பதை உனக்கு நீயே சொல்லிக்கொள்ள முடியும்.

இன்று மாலை கடை விரிக்க வேண்டுமல்லவா? டேங்கை நிரப்பிவிட்டாயா? இல்லையென்றால் எழு. இன்ஜின் இப்போது குளிர்ந்துதான் இருக்கிறது.