கேதுருப் பலகையும் தச்சரின் கூலியும்

மே 1, உழைப்பாளரான புனித சூசையப்பர் திருநாள் மறையுரை
நற்செய்தி: மத்தேயு 13:54-58



1955-ஆம் ஆண்டு திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் மே முதல் நாளை உழைப்பாளரான புனித சூசையப்பருக்கு உரிய நாளாக்கினார். இன்றைய நற்செய்தியில் நாசரேத்து ஊரார் இயேசுவைத் தச்சர் மகன் என்று இளக்காரமாகப் பேசுகிறார்கள். அவர்களுக்கு அது குறை, நமக்கு அது பெருமை. உளி பிடித்த கை சோறு போட்டு வளர்த்த பிள்ளைதான் நம் ஆண்டவர். ஆகவே தச்சர் கைவழியாக நம் வீட்டுக்குள் வந்து சேரும் மரத்தைப் பற்றியும், அது நம் உடம்புக்கும் மனசுக்கும் என்ன செய்கிறது என்பதைப் பற்றியும் இன்று பேசுகிறேன்.

பலிபீடத்தின் முன்னால் பேசுகிற பேச்சா இது என்று நினைக்காதீர்கள். லேவியர் நூல் 14-ஆம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ பூசணம் படர்ந்தால், வீட்டுக்காரர் குருவிடம் போய்ச் சொல்ல வேண்டும். குரு வந்து சுவரைப் பார்ப்பார். ஏழு நாள் வீட்டைப் பூட்டி வைக்கச் சொல்வார். பிறகும் பூசணம் பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து, சுவரைச் சுரண்டி, புதிதாகப் பூசச் சொல்வார். அதற்கும் அடங்காவிட்டால் கல், மரம், சாந்து என்று எல்லாவற்றையும் இடித்து ஊருக்கு வெளியே கொட்ட வேண்டியதுதான். பூசணம் நீங்கிய வீட்டைத் தூய்மையாக்கும் சடங்கில் கேதுரு மரக் கட்டையும் சேர்க்கப்படுகிறது. இன்று வீடு மந்திரிக்க வரும் நாங்கள் தீர்த்தம் தெளித்துச் செபம் சொல்லிவிட்டுப் போகிறோம். அந்தக் காலத்துக் குரு சுவரின் ஈரத்தையும் பார்த்தார். அந்த வீட்டில் படுத்து எழுகிறவர்களின் மூச்சு கடவுளுக்கு அக்கறையான காரியம்.

சாலமோன் எருசலேமில் கோவில் கட்டியதை அரசர்கள் முதல் நூல் விரிவாகச் சொல்கிறது. வெளியே கல் கட்டடம். உள்ளே போனால் சுவர் முழுக்கக் கேதுருப் பலகை. ஒரு கல்கூடக் கண்ணில் படவில்லையாம். கடவுளைச் சந்திக்கும் இடத்தின் உட்புறத்துக்கு மரம் வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. நம் பக்கத்திலேயே பாருங்கள். கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அதன் தூணும் கூரையும் சன்னலும் மரம்தான். அங்கே அரசருக்குப் பல மூலிகை மரங்களைச் சேர்த்து இழைத்த கட்டில் என்று ஒன்றைக் காட்டுவார்கள். மரத்தோடு உடல்நலத்தைச் சேர்த்து நினைப்பது நமக்குப் புதிதல்ல.

மே மாதத்தில் நம் ஊரான சங்கரன்கோவில் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. விசைத்தறியில் ஒரு ஷிப்ட் முழுக்க நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தால், பகலெல்லாம் காய்ந்த கான்கிரீட் தளம் ராத்திரி முழுக்க அந்தச் சூட்டைத் தலைமேல் இறக்கிக்கொண்டிருக்கும். மின்விசிறி அனலைத்தான் வீசும். அரைத் தூக்கத்தோடு மறுநாள் வேலைக்குப் போகிறவருக்கு உடம்பும் கெடும், வீட்டில் பேச்சும் கெடும். நம் பாட்டன் பூட்டன் வீடுகளில் பனங்கை பாவி ஓடு வேய்ந்திருந்தார்கள். வசதி உள்ளவர்கள் தேக்கு உத்தரம் போட்டு, அதன்மேல் செங்கல்லைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புக் காரை இட்டு மட்டப்பா எடுத்தார்கள். கான்கிரீட் கடத்தும் வெப்பத்தில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கைத்தான் மரம் கடத்தும். மரம் ஈரக்காற்றில் கொஞ்சம் ஈரத்தை வாங்கிக்கொள்ளும், காற்று உலர்ந்தால் திருப்பிக் கொடுக்கும். மார்கழி விடியலில் சிமெண்ட் தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறும். மரப்பலகையில் அப்படி ஏறுவதில்லை.

மனசுக்கும் மரம் ஏதோ செய்கிறது என்பதை ஆராய்ச்சியாளர்களும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டேவிட் ஃபெல் என்பவர் மாணவர்களை அறையில் உட்கார வைத்துக் கணக்குக் கொடுத்து, அவர்களுடைய பதற்றத்தை அளந்தார். மரச் சாமான்கள் இருந்த அறையில் பதற்றம் குறைவாக இருந்தது என்று 2010-இல் எழுதினார். 1984-இல் ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்கர் வெளியிட்ட ஆய்வு இன்னும் பெயர் பெற்றது. பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னல் வழியே மரம் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பினார்கள்; வலிக்கு வீரியமான மருந்தும் குறைவாகவே தேவைப்பட்டது. மரம் நோயை ஆற்றிவிடும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. ஆனாலும், தோட்டத்தில் மனிதரை வைத்த கடவுள் கண்ணுக்கு இனிய மரங்களை அங்கே முளைக்கச் செய்தார் என்று தொடக்கநூல் சொல்வது வெறும் அலங்காரப் பேச்சு இல்லை என்று எனக்குப் படுகிறது.

இதைக் கேட்டுவிட்டு யாரும் மனம் சுருங்க வேண்டாம். கடன் வாங்கி, கரையானுக்கும் மழைக்கும் பயந்து, கான்கிரீட் போட்டுக் குடியேறியவர்கள் தப்பு எதுவும் செய்யவில்லை. ஒழுகாத கூரை கடவுள் தந்த வரம். இன்றைக்குத் தேக்கு விற்கிற விலைக்கு ஒரு நிலையும் கதவும் செய்வதே பெரிய காரியம். இடிக்கிற பழைய வீட்டின் நிலையையும் உத்தரத்தையும் விறகு விலைக்குத் தள்ளிவிடாமல் இழைத்துப் புது வீட்டில் சேர்க்கலாம். ஒரு மரக்கட்டில், கயிறு பின்னிய ஒரு கட்டில், மேற்கு வெயிலை மறிக்க வாசலில் ஒரு வேம்பு, இவ்வளவு போதும்.

மரம் என்ற பெயரில் வருகிறதெல்லாம் நலம் தராது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ப்ளைவுட், பார்ட்டிகிள் போர்டு, எம்.டி.எஃப் பலகைகளை ஒட்டும் பசை பலவற்றிலிருந்து ஃபார்மால்டிஹைடு என்ற வாயு மெல்ல மெல்ல வெளியேறும். அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வகைப்படுத்தியது. புது அலமாரி வந்த அறையில் கண் எரிகிறதென்றால், சன்னலைத் திறந்து வையுங்கள். முதல் மாதங்களில் கைக்குழந்தையை அங்கே படுக்கவைக்காதீர்கள்.

இதுவரை பேசியது வீட்டில் குடியிருப்பவரின் நலம். இனி அந்த மரத்தை இழைத்தவரின் நலம். எரேமியா 22-ஆம் அதிகாரத்தில் யோயாக்கிம் அரசனின் வீடு வருகிறது. விசாலமான மாடி, அகலமான சன்னல்கள், கேதுருப் பலகை அடித்த சுவர், மேலே செஞ்சாயம். உடம்புக்கு இதமான வீடுதான். இறைவாக்கினர் அதன் முன்னால் நின்று சாபம் கூறுகிறார். ஏன்? வேலை வாங்கிவிட்டுக் கூலி கொடுக்கவில்லை. கேதுரு அடிப்பதில் போட்டி போட்டால் அரசனாகிவிடுவாயா என்று கேட்கிறார். அவன் தகப்பன் யோசியாவும் உண்டான், குடித்தான். ஆனால் ஏழைக்கும் எளியவனுக்கும் நீதி செய்தான், அதனால் நன்றாயிருந்தான் என்கிறார். சாலமோனும் லெபனோனில் மரம் வெட்ட முப்பதாயிரம் பேரைக் கட்டாய வேலைக்கு அனுப்பினார். அவர் சுமத்திய நுகத்தின் பாரம்தான் மகன் காலத்தில் நாட்டையே இரண்டாகப் பிளந்தது.

கூலியைப் போலவே இழைத்தவரின் உடம்பும் நம் பொறுப்பு. இங்கிலாந்தில் ஹை விக்கம் என்ற ஊர் நாற்காலி செய்வதில் பெயர் பெற்றது. 1960-களில் அங்கே மரச்சாமான் செய்கிறவர்களிடம் மூக்கினுள் அபூர்வமான ஒரு புற்றுநோய் வழக்கத்துக்கு மேல் இருப்பதை மருத்துவர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம், ஆண்டுக்கணக்கில் சுவாசித்த மரத்தூள். மரத்தூளும் இப்போது புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் பட்டியலில் இருக்கிறது. சகோதரர்களே, நம் படுக்கையறைக்கு இதம் தருகிற அதே மரம் இழைத்தவரின் மூக்கில் விஷமாக இறங்கலாம். மெஷின் போட்டு அறுக்கிற இடத்தில் நம் தச்சர்கள் தோளில் கிடக்கும் துண்டைத்தான் மூக்கில் கட்டிக்கொள்கிறார்கள். வடமாநிலத்திலிருந்து வந்து, வேலை நடக்கிற வீட்டிலேயே ப்ளைவுட் தூளுக்கு நடுவில் படுத்து எழுகிற இளைஞர்களையும் பார்க்கிறோம். பலகை இத்தனை சதுர அடி, பாலிஷ் இவ்வளவு என்று பைசா சுத்தமாகக் கணக்குப் பார்க்கிறோம். நல்ல முகக்கவசம், தூளை இழுக்கும் இயந்திரம், காற்றோட்டமான இடம், தங்க ஓர் அறை ஆகியவற்றுக்கும் அந்தக் கணக்கில் ஒரு வரி இருக்கட்டும்.

மரத்துக்கும் நாம் கடன்பட்டிருக்கிறோம். நம் சீமையின் பனைகள் எத்தனையோ செங்கல் சூளைக்குப் போயின. பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-இல் தமிழக அரசு அறிவித்தது. சட்டம் அரிவாளைத் தடுக்கும், ஆனால் விதை ஊன்றாது. பனை வைரம் பாய நம் ஆயுளில் பெரும்பகுதி ஆகும் என்பதால், ஊன்றுகிறவர் பேரப்பிள்ளையின் வீட்டுக்காகத்தான் ஊன்றுகிறார். அதுவும் பிறரன்புதான்.

ஆகவே மூன்று காரியங்களைக் கேட்டுக்கொள்கிறேன். வீடு கட்டுகிறவர்கள் தச்சருக்கும் கொத்தனாருக்கும் பாக்கி வைத்துக்கொண்டு மந்திரிக்கக் கூப்பிடாதீர்கள். கூலியைத் தீர்த்துவிட்டுக் கூப்பிடுங்கள், அவர்களையும் விருந்துக்கு உட்கார வையுங்கள். பங்கில் உள்ள தச்சர்களும் தறிக்காரர்களும் இருமலையும் மூச்சுத்திணறலையும் தொழிலோடு வந்தது என்று தள்ளிவிடாமல் அரசு மருத்துவமனையில் காட்டுங்கள். தனியாகப் போகத் தயங்குகிறவரை அன்பியக் குழுவினர் கூட்டிப்போங்கள். பருவமழைக்கு முன்பு ஒவ்வொரு குடும்பமும் பனங்கொட்டையோ வேப்பங்கன்றோ ஒன்று ஊன்றுங்கள்.

மன்றாடுவோம். தச்சரின் வீட்டில் வளர்ந்த ஆண்டவரே, எங்கள் வீடுகளில் நல்ல காற்றும் நிம்மதியான தூக்கமும் தாரும். அந்த வீடுகளைக் கட்டியவர்களின் மூச்சையும் காத்தருளும். அவர்கள் கூலியில் நாங்கள் கை வைக்காதிருக்க எங்களுக்கு நேர்மையைத் தாரும். புனித சூசையப்பரே, எங்களுக்காக வேண்டிக்கொள்ளும். ஆமென்.