ஆடுகளமும் நன்றிக்கடனும்

ஒருவர் செய்த நன்மையை மறத்தல் தகாது என்பதில் அறநூலார் எவரிடையேயும் கருத்து வேறுபாடில்லை. ஆயின், நன்மை செய்தவருக்கு எதனைத் திருப்பியளிப்பது, எவ்வளவு காலத்திற்கு அளிப்பது என்னும் வினாக்கள் எழுமிடத்தே அவ்வொருமைப்பாடு குலைந்துவிடுகிறது. அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் இச்சிக்கல் மங்கலாகவே தோன்றும். தொழில்முறை விளையாட்டிலோ அது மறைக்கவியலாதவாறு வெளிப்பட்டு நிற்கிறது. விளையாட்டு வீரர் நாற்பது வயதிற்கு முன்னரே முதியவராகிவிடுகிறார். அவரது தளர்ச்சி பல்லாயிரவர் முன்னிலையில் எண்களால் அளக்கப்படுகிறது.

அமெரிக்க உதைபந்தாட்டம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். (காலால் உதைப்பதிலும் கையாற் பற்றி ஓடுவதும் எறிவதுமே மிகுந்த ஆட்டத்திற்கு இப்பெயர் எங்ஙனம் பொருந்தும் என்பது வேறு வினா.) எறியப்படும் பந்தை ஓடியவாறே பற்றுபவர் பந்தேற்பவர் எனப்படுவர். விரைவே அவருடைய மூலதனம். முதுமை முதலிற் கவர்வதும் அதனையே. முதுமையெய்திய பந்தேற்பவரை அணி வைத்திருத்தல் வேண்டுமா, பிறிதோர் அணிக்குக் கைமாற்றிவிடல் வேண்டுமா என்பது அந்நாட்டில் ஆண்டுதோறும் எழும் விவாதமாகும்.

1985ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோ அணியிற் சேர்ந்த ஜெரி ரைஸ் அங்குப் பதினாறு பருவங்கள் ஆடினார். அக்காலத்தில் அணி மூன்று முறை 'சுப்பர் போல்' இறுதிப் போட்டியை வென்றது. 1989 சனவரியில் நிகழ்ந்த போட்டியின் சிறந்த வீரராக அவரே தெரிவானார். பின்னர் நிலைமை மாறியது. 1999இல் பதினாறு ஆட்டங்களுள் நான்கையும், 2000இல் ஆறையுமே அவ்வணியால் வெல்ல முடிந்தது. 2000 திசெம்பரில், அவ்வணி வீரராகச் சொந்த மைதானத்தில் ரைஸ் ஆடிய இறுதி ஆட்டத்தன்று, அவருக்கு விடைகொடுக்கவே இரசிகர்கள் திரண்டிருந்தனர். அன்றுதான் இருபத்தேழு வயதினரான டெரல் ஓவன்ஸ் இருபது முறை பந்தைப் பற்றி அதுவரை எவரும் எட்டாத சாதனையை நிலைநாட்டினார். 2001 யூனில் முப்பத்தெட்டு வயது ரைஸை அணி விடுவித்தது.

இது நன்றி மறந்த செயல் என்பார் உளர். அவர்தம் சினம் இயல்பானதே. எனினும், 1994 முதல் அந்நாட்டு அணிகள் தத்தம் வீரர்களுக்கு வழங்கும் மொத்த ஊதியத்திற்கு ஓர் உச்சவரம்பு விதிக்கப்பட்டிருப்பதை அவர்கள் நோக்குவதில்லை. ரைஸுக்கு அளிக்கப்படும் ஒவ்வொரு டொலரும் இன்னொரு வீரருக்கு அளிக்கவியலாத டொலராகும். அவருக்கு ஒதுக்கப்படும் ஆட்ட நேரமும் அத்தகையதே. அணியின் உரிமையாளர் தமது சொந்தப் பணத்திலிருந்து நன்றி செலுத்துவாராயின் அதனைப் பாராட்டலாம். இளம் வீரர் ஒருவரது வாய்ப்பிலிருந்து எடுத்து அதனைச் செலுத்துவாராயின் கடன் தீர்ப்பவர் ஒருவர், விலை கொடுப்பவர் வேறொருவர் என்றாகிவிடும். கடந்தகாலப் பணிக்கு ஊதியமும் புகழும் கைம்மாறாகலாம். அணியில் இடம் என்பது வருங்காலப் பணிக்கு உரியது. அதனைக் கைம்மாறாகக் கேட்க எவருக்கும் உரிமையில்லை.

விளைவை வைத்து நீதி கூறுவோர் இங்கு இடர்ப்படுவர். ஓக்லாந்து அணியிற் சேர்ந்த ரைஸ் 2001இல் 1,139 யார்களும் 2002இல் 1,211 யார்களும் ஈட்டினார். நாற்பது வயதில் மீண்டும் இறுதிப் போட்டியில் ஆடினார். ஆகவே அவரை விட்டது பிழை எனலாமோ? அவரின்றியே சான் பிரான்சிஸ்கோ அணி 2001இல் பன்னிரண்டு ஆட்டங்களை வென்றதே! இரு தரப்பாரும் பயன்பெற்றமையால் விளைவு இவ்வழக்கில் எவர் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. யாருக்காக இடம் ஒழிக்கப்பட்டதோ அந்த ஓவன்ஸும் மூன்று பருவங்களின் பின் அணியைவிட்டு நீங்கினார் என்பதும் நோக்கத்தக்கது.

எனவே, வைத்திருப்பதா விடுவதா என்பதிலும், எவ்வாறு விடுவது என்பதே அறத்தின் மெய்யான வினாவாகத் தோன்றுகிறது. விலையுடைய பொருளுக்கு ஈடாக இன்னொன்றை வைக்கலாம். மனிதனோ ஈடற்ற மாண்புடையவன், அவனை வெறுங் கருவியாக மட்டும் கொள்ளலாகாது என 1785இல் காண்ட் வரைந்தார். கைமாற்றம் என்னும் வழக்கம் இக்கூற்றுடன் நேரே மோதுகிறது. ஒருவரது ஒப்பந்தத்தை ஓர் அணி மற்றோர் அணிக்குக் கொடுத்து, ஈடாக வேறொரு வீரரையோ புதியவரைத் தெரியும் உரிமையையோ பெற்றுக்கொள்கிறது. அவர் எந்நகரில் வாழ்வார், அவருடைய பிள்ளைகள் எப்பள்ளியிற் கற்பார்கள் என்பவற்றைப் பிறர் தீர்மானிக்கின்றனர். 2004இல் ஓவன்ஸைப் பால்டிமோர் அணிக்குக் கைமாற்ற முற்பட்டபோது அவர் அதனை எதிர்த்து, முடிவில் பிலடெல்பியாவுக்கே சென்றார். பேராசைக்காரர் எனப் பலராலும் ஏசப்பட்டவர் அவர். எனினும் தம்மைப் பண்டமாகக் கொள்ளவேண்டாம் என்ற அளவில் அவர் பக்கமே நியாயம் இருந்தது.

கைமாற்றம் முழுவதும் தீது என்பதுமில்லை. 1993இல் ஜோ மொன்டானாவைச் சான் பிரான்சிஸ்கோ அணி கைமாற்றியபோது, அவர் விரும்பிய கன்சாஸ் சிற்றி அணிக்கே அனுப்பியது. சம்மதம் கேட்கப்பட்டவிடத்துக் கைமாற்றமும் ஒரு வகை வழியனுப்புதலாகிறது. ரைஸின் விடயத்தில் அணி ஈடு எதுவும் பெறவில்லை. தமக்குரிய அணியைத் தாமே தேர்ந்துகொள்ளும் உரிமையுடன் அவர் நீங்கினார். அவர் தேர்ந்த ஓக்லாந்து அதே விரிகுடாவின் மறுகரையில் இருந்தது.

தளரும் வீரருக்கும் ஒரு கடமை உண்டு: தம் அளவை அறிதல். அதில் ரைஸ் தாமதித்தார் எனலாம். 2004இல் சியாட்டிலுக்குச் சென்றார். 2005இல் டென்வரில் மீண்டும் முயன்று, பருவம் தொடங்குமுன் ஓய்வை அறிவித்தார்.

2006 ஓகத்தில் சான் பிரான்சிஸ்கோ அணி அவருடன் சடங்கான ஓர் ஒப்பந்தஞ் செய்து, தன் வீரராகவே ஓய்வுபெறச் செய்தது. அதில் குறிக்கப்பட்ட தொகை 1,985,806.49 டொலர்: அவர் வந்த 1985, அணிந்த இலக்கம் 80, ஓய்வுபெற்ற 06, அணியின் பெயரிலுள்ள 49. அத்தொகையில் ஒரு சதமேனும் வழங்கப்படவில்லை. இதனை வெறும் விளம்பரம் என நகைத்தோர் இருக்கலாம். எவருடைய இடத்தையும் பறியாது செலுத்தப்பட்ட நன்றி இது என்பதை அவர்கள் கருதவில்லை. குறை கூறுவதாயின், 2001இலேயே அச்சடங்கின் ஒரு பகுதியையேனும் நிகழ்த்தியிருக்கலாமே என்று கூறலாம். 80ஆம் இலக்கம் 2010இல் அவ்வணியில் வேறெவருக்கும் வழங்கப்படாதென ஒதுக்கிவைக்கப்பட்டது.