குழந்தையின் தலைவலி

"தலை வலிக்கிறது" என்று ஒரு குழந்தை சொல்லும்போது, அதைப் பள்ளிக்கூடம் போகாதிருக்கச் சொல்லும் சாக்கென்று தள்ளிவிடுவதும், உடனே ஒரு மாத்திரையைக் கொடுத்து அதன் வாயை அடைத்துவிடுவதும், பார்வைக்கு வேறுவேறாகத் தோன்றினாலும், அதன் வார்த்தைக்குச் செவிகொடாமையில் இரண்டும் ஒன்றே என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் அத்திபெலேயில், மாநில எல்லைக்கு அப்பால் ஓசூருக்கும் இப்பால் பொம்மசந்திரத்துக்கும் ஷிப்டு வேலைக்குப் போகும் பெற்றோர் அநேகர். வேனின் ஹாரன் கேட்டதும் பாதி இட்லியைத் தட்டிலேயே விட்டு ஓடுகிற பிள்ளைக்கும், பள்ளிக் கழிப்பறைக்குப் போகக் கூசி, தண்ணீர் பாட்டிலைத் திறவாமலே திரும்பக் கொண்டுவருகிற பிள்ளைக்கும் மாலையில் தலை வலிப்பதில் என்ன ஆச்சரியம்? இருட்டறை, நெற்றியில் ஈரத்துணி, குடிக்கத் தண்ணீர், கொஞ்சம் ஆகாரம், அதன் பின் உறக்கம்: இந்த உபசாரமே பெரும்பாலும் போதும். மைக்ரேன் என்னும் ஒற்றைத் தலைவலி குழந்தைகளுக்குப் பெரும்பாலும் நெற்றியின் இருபுறமும் வரும். முகம் வெளுத்து, வாந்தியெடுத்து, ஒரு தூக்கம் தூங்கி எழுந்ததும் ஒன்றுமே நடவாததுபோல் விளையாடப் போய்விடும் அந்தக் குழந்தையை 'நடித்தது' என்று ஏசுவது பெரிய அநியாயம்.

மருந்து வேண்டுமானால் பாரசிட்டமால், வயதைப் பார்த்தல்ல, எடையைப் பார்த்து: கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம், நான்கு முதல் ஆறு மணி நேர இடைவெளியில், நாளைக்கு நான்கு வேளைக்கு மேற்படாமல். ஈரலையும் மூளையையும் தாக்கும் ரே நோய்க்கு இடமளிக்கும் ஆஸ்பிரினை 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாமாகக் கொடுக்கலாகாது. வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மாத்திரை தேவைப்பட்டால் வைத்தியரைக் காண வேண்டும். எந்த வேளையில் வலித்தது, அதற்கு முன் என்ன உண்டது, எவ்வளவு உறங்கியது என்று தாயார் நோட்டில் குறித்துவைத்திருந்தால் வைத்தியருக்கு அது பேருதவி.

ஆனால் இடிபோல் திடீரென்று வந்த வலி, தலையில் அடிபட்டபின் வந்த வலி, ஜுரத்தோடு கழுத்து விறைப்பு, விடியலில் எழுப்பிவிடும் வலியும் வாந்தியும், பார்வையிலோ நடையிலோ தடுமாற்றம், வலிப்பு, மயக்கம் இவற்றில் ஒன்றைக் கண்டாலும் வீட்டு வைத்தியத்துக்கு அவகாசமில்லை. 108-ஐ அழைக்க வேண்டியதுதான். இதே ஓசூர் ரோட்டில், பெங்களூரில் இருக்கும் நிம்ஹான்ஸ் மருத்துவமனையை மனநோயாளிகளுக்கு மட்டுமே உரியதென எண்ணி, குழந்தையை அங்கே அழைத்துப்போகக் கூசுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1974-இல் அப்பெயர் பெற்ற அந்த ஸ்தாபனம் மூளைக்கும் நரம்புக்கும் சிகிச்சையளிப்பது. அங்கே போகும்படி வைத்தியர் எழுதித் தந்தால் நாலு பேர் என்ன சொல்வார்களோ என்று ஒரு நாளும் தாமதிக்க வேண்டாம்.