‘கூலி’ என்றால் யாருக்கு இழிவு?

சட்டம்பியார், பரியாரியார், விதானையார் என்று சிலரை நாம் அழைத்து வந்தோம்; வண்டிக்காரன், தோட்டக்காரன், கூலிக்காரன் என்று வேறு சிலரை அழைத்தோம். இருசாராரும் தத்தம் தொழிலின் பெயராலேயே அறியப்பட்டனர். ஆயினும் ஒரு சாராருக்கு ‘ஆர்’ கிடைத்தது. மற்றவர்களுக்கு ‘அன்’ மிஞ்சியது. இந்தச் சிறு விகுதிக்குள் ஒரு சமுதாயத்தின் மதிப்பீடு முழுவதும் அடங்கிக் கிடப்பதை வாசகர் அறிவர். கணினித் தொழில் செய்வோரை உலகம் எவ்விதப் பெயர்களால் அழைக்கிறது, அப்பெயர்கள் அவர்களுக்கு இழிவாகத் தோன்றுகின்றனவா என்பதும் இதே வகைக் கேள்விதான்.

அமெரிக்காவில் ‘கீக்’ என்றொரு சொல் உண்டு. களியாட்ட விழாக்களில் உயிருள்ள கோழியின் தலையைக் கடித்துக் காட்டிப் பிழைத்தவனுக்கு ஒருகாலத்தில் வழங்கிய பெயர் அது. இன்றோ கணினி விற்பன்னர்கள் அதைத் தம் சட்டையில் எழுதிப் பெருமையுடன் திரிகிறார்கள். ‘ஹக்கர்’ என்ற சொல்லின் கதை இதற்கு மறுதலை. மசாசுசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தின் மாதிரிப் புகையிரதக் கழகத்து மாணவர்கள் 1950களின் பிற்பகுதியில் கெட்டிக்காரத்தனமான வேலைக்கு வைத்த பெயர் அது. 1980களில் பத்திரிகைகள் அதைக் கணினிக்குள் புகுந்து களவு செய்வோருக்குச் சூட்டிவிட்டன. பழைய ஆட்களுக்கு இன்றும் அது மனக்குறை. ஒரு சொல் ஏறியது, இன்னொன்று இறங்கியது. ஆகவே அகராதியைப் புரட்டி இழிவை அளந்துவிட முடியாது.

2013ஆம் ஆண்டின் இறுதியில் சான்பிரான்சிஸ்கோ நகரில், பெருங்கம்பனிகள் தம் ஊழியரை ஏற்றிச் செல்லும் தனியார் பஸ்களைப் பொதுமக்கள் சிலர் மறித்து நின்றனர். வீட்டு வாடகை ஏறி, பழைய குடியிருப்பாளர் வெளியேற்றப்பட்டதே அவர்களது முறைப்பாடு. அந்நாட்களில் ‘ரெக்கி’, அதாவது தொழில்நுட்பத்தார் என்பதன் சுருக்கம், வசைச் சொல்லாகவே வழங்கியது. கைநிறையச் சம்பளம் வாங்கும் பொறியியலாளர் சிலர் அதனால் மனம் புண்பட்டனர். அந்தப் புண் பொய்யென்று நாம் சொல்லவில்லை. ஆனால் அப்பெயர் அவர்களது சம்பளத்தில் ஒரு சதத்தையேனும் குறைக்கவில்லை. எவரையும் வீட்டைவிட்டு எழுப்பவுமில்லை. மனவருத்தம் வேறு, அநீதி வேறு.

மரியாதையான பெயர் அநீதி செய்யக்கூடும் என்பதற்கு ‘கொம்பியூட்டர்’ என்ற சொல்லே சான்று. முதலில் அது இயந்திரத்தின் பெயரன்று; கணக்குப் போடும் ஆளின் பெயர். ஹார்வாட் வானாய்வு நிலையத்தில் நட்சத்திரப் படங்களை ஆராய்ந்த பெண்கள் அப்பெயரால் அழைக்கப்பட்டு, மணிக்கு 25 முதல் 35 சதம் வரை ஊதியம் பெற்றனர். அவர்களுள் ஒருவரான ஹென்றியேற்றா லெவிற் கண்டறிந்து 1912இல் வெளியான தொடர்பைக் கொண்டே பின்னர் தொலைதூர விண்மீன் கூட்டங்களின் தூரம் அளக்கப்பட்டது. அவரது தொழிற்பெயர் என்னவோ கணக்குப் போடுபவர்தான். 1946 பெப்ரவரியில் ‘எனியாக்’ என்னும் மாபெரும் மின்னணுக் கணிப்பொறி பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் உலகுக்குக் காட்டப்பட்டது. அதற்கு வேலைமுறை வகுத்துக் கொடுத்த ஆறு பெண்களும் தொழில்முறையாளருக்குக் கீழ்ப்பட்ட தரத்தில் வைக்கப்பட்டிருந்தனர். விழா விருந்துக்கு அவர்களுக்கு அழைப்பில்லை. ஆளின் பெயர் இயந்திரத்துக்குப் போயிற்று, ஆட்கள் மறக்கப்பட்டனர். இங்கே எவரும் வசை மொழியவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இன்றைய கணினிக் கம்பனிகளில் ‘இந்த வேலைக்கு இரண்டு ரிசோர்ஸ் வேண்டும்’ என்று பேசிக்கொள்வார்கள். ரிசோர்ஸ் என்றால் வளம். நிலக்கரியும் வளம், தண்ணீரும் வளம், மனிதனும் வளம். கீக் என்றால் சினப்பவர்கூட இதைக் கேட்டுச் சும்மா இருப்பதுதான் விந்தை.

இனி நம் மொழிக்கே நெருக்கமான ஒரு பெயர். 2004ஆம் ஆண்டளவில் இந்தியாவில், அந்நிய நாட்டுக் கம்பனிகளுக்காக இரவிரவாகத் தொலைபேசியில் பதிலிறுக்கும் இளைஞரை ‘சைபர் கூலிகள்’ என்று ஆய்வாளர் சிலர் வருணித்தனர். பளபளக்கும் கட்டடத்தினுள்ளும் ஓயாத கண்காணிப்பும் வேலை நிலையின்மையும் உண்டு என்று காட்டுவதே அவர்களது நோக்கம். அத்துறையினர் அதைக் கடுமையாக மறுத்தனர். மறுக்க உரிமையுண்டு. ஆனால் ‘நாங்கள் படித்தவர்கள், எங்களையா கூலி என்பது?’ என்று ஒருவர் சினக்கும்போது, அந்தச் சினம் யார்மேல் போய் விழுகிறது?

கூலி என்பது தமிழில் செய்த வேலைக்குரிய ஊதியம்; அதில் இழிவு ஏதுமில்லை. ஆங்கிலத்துக்கு அச்சொல் தமிழிலிருந்தே போனது என்போர் பலர். குஜராத்தின் கோலி மக்களின் பெயரிலிருந்து வந்தது என்பாரும் உளர். எங்கிருந்து போனாலும், ஊதியத்தின் பெயர் ஆளின் பெயராகி, ஆளின் பெயர் ஓர் இனத்தின் பெயராகிவிட்டது. நம் மலைநாட்டில் துரைமார் தமிழ் கற்பதற்கென அச்சிட்ட கைநூல்களுள் ஒன்றுக்குக் ‘கூலித் தமிழ்’ என்றே பெயர். 19ஆம் நூற்றாண்டில் கொழும்பில் வெளியான இன்னொன்றின் தலைப்பு ‘இங்கே வா’. கோப்பியும் தேயிலையும் இந்நாட்டுக்குச் சோறு போட்டன. அவற்றை வளர்த்தவரின் மிகப் பெரும்பாலோர் 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராயினர். ‘தோட்டக்காட்டான்’ என்று அவர்களை ஏளனம் செய்தவர்கள் துரைமார் அல்லர். தமிழ் பேசும் நாம்தான்.

லயத்தில் பிறந்து, படித்து, இன்று கொழும்பில் கணினி முன் அமர்ந்து சம்பாதிக்கும் பிள்ளைகள் உளர். பக்கத்து மேசையிலிருப்பவர் ‘நாங்கள் என்ன கூலிகளா?’ என்று கொதிக்கும்போது, அப்படியொரு பெண் பிள்ளை என்ன பதில் சொல்வாள்? அவளுடைய தாய் விடியற்காலையில் கொழுந்துக் கூடையுடன் மலை ஏறியிருப்பாள். தோட்டத்தில் ஒருநாள் வேலையைப் ‘பேர்’ என்றுதான் சொல்வார்கள். நிறுவையில் கொழுந்து குறைந்தால், செக்றோலில் தாய்க்கு விழுவது அரைப் பேர்.