நம்மவர் பெற்றது தகுமோ?

அறநெறி பேசும் இதழில் கால்பந்தாட்டத்திற்கு என்ன வேலை என்று அன்பர் சிலர் புருவம் நெரிக்கக்கூடும். ஆட்டத்தின் நலந்தீங்குகளை ஆராய நாம் இங்குப் புகவில்லை. ஆட்டம் முடிந்தபின் அதனைக் கண்டோர் தமக்குள் நடத்தும் வழக்கொன்று உண்டு. நீதிமன்றத்திற்கும் ஊர்ச்சபைக்கும் போர்வை போர்த்துக்கொண்டு செல்லும் மனித மனம், அந்த வழக்கில் போர்வையின்றி வந்து நிற்கிறது. அதனைக் காண்பதற்காகவே இக்கட்டுரை.

ஆட்டத்தை அறியாதார்க்கு ஒரு சொல். கோலுக்கு அணித்தான எல்லைக்குள் ஓர் அணியினர் தவறிழைப்பாராயின், கோலிலிருந்து 12 கஜத் தொலைவில் பந்து வைக்கப்படும். காப்பாளர் ஒருவர் மட்டும் எதிர்நிற்க, மற்ற அணியின் ஒருவர் அதனை உதைப்பார். இதற்குத் தண்டனை உதை என்று பெயர். பெனால்டி என்பது பெருவழக்கு. அயர்லாந்தைச் சேர்ந்த வில்லியம் மெக்ரம் என்னும் கோல் காப்பாளரின் யோசனையின்மீது 1891இல் இது விதியாயிற்று. அக்காலத்துக் கனவான் ஆட்டக்காரர் சிலர், வேண்டுமென்றே தீங்கிழைப்பவன் ஒருவன் நம்மிடையே இருப்பான் என்று எண்ணுவதே இழிவு எனச் சினந்தனராம். நான்கு உதைகளில் ஏறக்குறைய மூன்று கோலாகிவிடும். காலை முறிக்கும் கொடுஞ்செயலுக்கும் சிறு தட்டலுக்கும் இதே தண்டனைதான். ஒரு கோலே வெற்றியைத் தீர்மானிக்கும் ஆட்டத்தில் இத்துணைப் பெரிய பரிசு ஒரு சீழ்க்கையொலியில் கிடைப்பதனால், அது தகுமா தகாதா என்னும் வழக்கு ஓய்வதே இல்லை.

எதிரணி பெற்றது தகாது என்று சொல்வது எவர்க்கும் எளிது. தம் அணி பெற்றது தகுமோ என்று தம்மவர்க்குள்ளேயே கேட்டுக்கொள்வதுதான் அரிது. 2021ஆம் ஆண்டு சூலை 7ஆம் நாள் இலண்டன் வெம்பிளி அரங்கில் நிகழ்ந்ததை எடுத்துக்கொள்வோம். ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதி ஆட்டம். இங்கிலாந்தும் டென்மார்க்கும் மோதின. நம் நாட்டில் அப்போது நள்ளிரவு கடந்திருந்தது. நம் இளைஞர் பலரும் விழித்திருந்து கண்டனர். ஆளுக்கொரு கோலாக நின்று, ஆட்டம் கூடுதல் நேரத்துக்குச் சென்றது. 104ஆம் நிமிடத்தை ஒட்டி இங்கிலாந்தின் இரகீம் ஸ்டெர்லிங் வலப்புறமாகப் பந்துடன் உள்ளே பாய்ந்தார், டேனியர் இருவர் நெருங்கினர், அவர் விழுந்தார். டச்சு நாட்டு நடுவர் தண்டனை உதை வழங்கினார். இங்கிலாந்தின் தலைவர் ஹாரி கேன் உதைத்த பந்தை டேனியக் காப்பாளர் தடுத்தார். எனினும் திரும்பி வந்த பந்தைக் கேன் மீண்டும் உதைத்துக் கோலாக்கினார். 1966க்குப் பின் முதன்முறையாக இங்கிலாந்து ஒரு பெரும்போட்டியின் இறுதியாட்டத்தை எட்டியது.

தொடுதல் இருந்தது; ஆனால் வீழ்த்தும் அளவுக்கு இருந்ததா? இங்கிலாந்துக் கழகங்களைப் பல்லாண்டு பயிற்றுவித்த ஆர்சேன் வெங்கரும் ஜோசே மொரீன்யோவும் இல்லை என்றனர். திரையிற் பார்த்துச் சரிசெய்யும் நடுவர்கள் இருந்தார்களே, அவர்கள் என் செய்தனர் எனின், தீர்ப்பை மாற்றவில்லை. இங்கே ஒரு நுட்பம் உண்டு. திரை நடுவரிடம் கேட்கப்படும் வினா ‘இத்தீர்ப்பு சரியா?’ என்பதன்று; ‘இது ஐயத்திற்கிடமின்றித் தவறானதா?’ என்பதே. சிறிதேனும் தொடுதல் காணப்பட்டமையால் களத்து நடுவரின் சொல்லே நின்றது. திரை தலையிடாமையையே திரையின் ஒப்புதலாகக் கொண்டு, ‘கருவியே ஒப்புக்கொண்டுவிட்டது’ என்று மகிழ்ந்தோர் மிகப் பலர்.

மணிமேகலையில் அறவண அடிகள் அளவைகள் இரண்டே என்று வகுக்கிறார்: ஒன்று காட்சி, மற்றொன்று கருத்து. திரை நமக்குத் தருவது காட்சி மட்டுமே. ஒரு கால், மற்றொரு கால், ஒரு வீழ்ச்சி ஆகிய மூன்றே அதில் உள. ‘இவர் தள்ளியதனால் அவர் விழுந்தார்’ என்பது காட்சியன்று. காண்பவன் தன்னிடமிருந்து கூட்டும் கருத்து. நூறுமுறை மெதுவாக ஓட்டிக் காட்டினும் காட்சி வளருமே அன்றிக் கருத்துத் தானே பிறவாது. அது நம் உள்ளத்திலிருந்து வருவது. உள்ளமோ ஏற்கெனவே ஒரு நிறச்சட்டையை அணிந்துகொண்டு அமர்ந்திருக்கிறது!

அமெரிக்காவில் 1951இல் பிரின்ஸ்டன், டார்ட்மத் என்னும் இரு பல்கலைக்கழகங்களுக்கிடையே அந்நாட்டு முறைக் கால்பந்தாட்டம் ஒன்று முரட்டுத்தனமாக நடந்தது. ஹாஸ்டார்ஃப், கேன்ட்ரில் என்னும் உளநூலார் இருவர், அவ்வாட்டத்தின் படச்சுருளை இருதரப்பு மாணவர்க்கும் காட்டித் தவறுகளை எண்ணச் செய்து, 1954இல் முடிவை வெளியிட்டனர். டார்ட்மத் அணி இழைத்த தவறுகளாக டார்ட்மத் மாணவர் கண்டவற்றைப் போல் இருமடங்கு பிரின்ஸ்டன் மாணவர் கண்டனர். அவர்கள் எவரும் பொய் சொல்லவில்லை என்பதே நாம் அஞ்சவேண்டிய செய்தி. அமெரிக்கரைச் சொல்வானேன்? 2023 மார்ச் 3ஆம் நாள் பெங்களூர்க் கண்டீரவா அரங்கில், கேரள அணியினர் அரண் அமைக்குமுன்னே சுநீல் சேத்ரி தடையிலா உதையைக் கோலாக்கினார். கேரள அணி களத்தைவிட்டே வெளியேறிற்று. பிற்பாடு அதற்கு 4 கோடி ரூபாய் தண்டமும் விதிக்கப்பட்டது. அக்கோல் முறையா என்று பெங்களூரில் கேட்டால் ஒரு விடை. கொச்சியில் கேட்டால் வேறொரு விடை.

சிங்காலன் என்னும் இல்லறத்தானுக்குப் பகவன் உரைத்த அறவுரையில், மனிதன் நெறிதவறிச் செல்லும் வழிகள் நான்கு கூறப்பட்டுள்ளன. விருப்பினால் தவறுவது சந்தாகதி. வெறுப்பினால் தவறுவது தோசாகதி. மயக்கத்தினால் தவறுவது மோகாகதி. அச்சத்தினால் தவறுவது பயாகதி. அவ்விரவில் இந்நான்கும் வெம்பிளியில் கூடியிருந்தன என்றே சொல்லலாம். ஏறத்தாழ 65,000 பேர், அவருள் மிகப் பெரும்பாலோர் ஒரே தரப்பினர், ஒரே குரலில் முழங்கும்போது எந்த நடுவருக்கும் பயாகதியின் சோதனை உண்டு. தண்டனை உதையின்போது டேனியக் காப்பாளரின் முகத்தில் கூட்டத்திலிருந்து எவரோ ஒருவர் ஒளிக்கதிர் பாய்ச்சினார். இங்கிலாந்துக் கால்பந்துச் சங்கத்துக்கு அதன்பொருட்டும் பிற குற்றங்களின் பொருட்டும் 30,000 யூரோ தண்டம் விதிக்கப்பட்டது.

ஆதரவாளர் இவ்வாறு வரும் உதைகளுக்குச் சொல்லும் சமாதானங்களில் இரண்டை மட்டும் ஆராய்வோம். ‘எங்கள் அணியே சிறப்பாக ஆடியது, எப்படியும் வென்றிருக்கும்’ என்பது ஒன்று. சிறப்பாக ஆடுவோர்க்குரிய பரிசு சிறப்பாக ஆடி அடிக்கும் கோலே; எதிரி செய்யாத குற்றம் அன்று. இதற்குமேல் இதில் ஆராய ஏதுமில்லை.

மற்றது பழங்கணக்கு. ‘1986இல் மெக்சிகோவில் மரடோனா கையால் தட்டிய பந்து எங்களுக்கெதிராகக் கோலாயிற்று, 2010இல் ஜெர்மனிக்கெதிராக லாம்பார்டு அடித்த பந்து கோட்டைக் கடந்தும் கோலாக வழங்கப்படவில்லை, இன்று அதற்கு ஈடாயிற்று’ என்னும் வகையிலான வாதம். இதனைக் கம்ம விதி என்று அழைப்பாரும் உளர்! அர்ஜென்டினக்காரரின் கைக்கும், உருகுவே நாட்டு நடுவரின் கண்ணுக்கும் டேனியர் ஈடு செலுத்துவதோ? சேதனையே, அதாவது கருதிச் செய்யும் உள்ளமே, கம்மம் என்பது பௌத்தம். நாடுகளுக்கும் கொடிகளுக்கும் பேரேடு வைத்து, ஒருவன் வரவை மற்றொருவன் செலவில் எழுதும் கணக்கப்பிள்ளை அதில் இல்லை.

கணக்கென்றே பேசுவோமாயின், டேனியர் பெயரில் வரவு ஒன்று இருந்திருக்கவேண்டும். 2003ஆம் ஆண்டு ஹாங்காங்கில் டென்மார்க்கும் ஈரானும் ஆடின. கூட்டத்தில் ஒருவர் ஊதிய சீழ்க்கையை நடுவரின் சீழ்க்கை என மயங்கி, இடைவேளை வந்துவிட்டதென்று கருதிய ஈரானியர் ஒருவர், கோலெல்லைக்குள் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். விதிப்படி தண்டனை உதை. டேனியத் தலைவர் மோர்ட்டன் வீகோர்ஸ்ட் பயிற்சியாளரோடு கலந்துகொண்டு, பந்தை வேண்டுமென்றே கோலுக்கு வெளியே உதைத்தார். டென்மார்க் அவ்வாட்டத்தில் 0–1 என்று தோற்றது. சட்டம் கையைப் பார்த்தது. வீகோர்ஸ்ட் சேதனையைப் பார்த்தார். அந்நன்மைக்குக் கூலியாக 2021இல் டென்மார்க்குக்கு ஏதேனும் கிடைத்ததா? இல்லை. கிடைக்குமென்று எண்ணி அவர் செய்திருந்தால் அது நன்மையும் ஆகாது.

ஆட்டக்காரர் எல்லாரும் வீகோர்ஸ்ட் போல் ஆகவேண்டும் என்று நாம் விதிக்கமாட்டோம். 1997இல் லிவர்பூல் அணியின் இராபி பவுலர், ஆர்சனல் காப்பாளர் சீமனைத் தாண்டிக் குதித்து விழுந்தபோது, ‘அவர் என்னைத் தொடவில்லை’ என்று நடுவரிடம் தாமே உணர்த்தினார். நடுவர் ஏற்கவில்லை. பவுலர் உதைத்தார்; சீமன் தடுத்தார்; திரும்பிய பந்தை வேறொருவர் கோலாக்கினார். தாம் வேண்டுமென்று தவறவிடவில்லை என்று பவுலரே பின்னர்க் கூறினார். கொடாததைக் கொள்ளாமை என்னும் சீலத்துக்கு இதில் இழுக்குண்டா என்று கேட்பார்க்கு நம் விடை இது: கொடுக்கும் உரிமையுடைய நடுவர், உண்மையைக் கேட்டபின்னும் கொடுத்தார், ஆட்டக்காரர் வாய்மை காத்தார், தம் அணிக்குத் தாம் பட்ட கடமையையும் செய்தார். நம் மதிப்பில் அவர் குற்றமற்றவரே. தொடாமலே தொட்டதாக விழுபவன்தான் உடம்பினால் பொய்யுரைக்கிறான்.

ஆனால் பார்வையாளனின் நிலை வேறு. அவனுக்கு உதைக்கப் பந்தில்லை, விட்டுக்கொடுக்கக் கோலில்லை, அணித்தலைவனின் கடமையும் இல்லை. அவன் கையிலிருப்பது சொல் ஒன்றே. ‘நாங்கள் வென்றோம், மகிழ்கிறோம், ஆயினும் அவ்வுதை தகாதது’ என்று அவன் சொன்னால் எண்பலகையில் ஓர் இலக்கமும் மாறாது. இழப்பு ஏதுமில்லாத இடத்திலேயே உண்மை சொல்ல நா எழவில்லையாயின், நிலமும் ஊதியமும் குலப்பெருமையும் பணயமாக நிற்கும் இடத்தில் எழுமோ? இங்கிலாந்தினர் சிலர் அதனை அன்றே சொன்னார்கள் என்பதையும் நாம் மறைத்தலாகாது. சொன்னவரைத் துரோகி என்று ஏசியவரும் உண்டு.

நான்கு நாட்கள் கழிந்தன. சூலை 11ஆம் நாள் அதே அரங்கில் இத்தாலியோடு இறுதியாட்டம். 1–1 என்று நின்றமையால் இருதரப்பும் ஐந்தைந்து தண்டனை உதைகளால் முடிவு காண நேர்ந்தது. மார்க்கஸ் ராஷ்போர்டு உதைத்த பந்து கம்பத்தில் பட்டது. ஜேடன் சாஞ்சோ, புகாயோ சாக்கா இருவர் உதைகளையும் இத்தாலியக் காப்பாளர் தடுத்தார். சாக்காவுக்கு அப்போது வயது 19. மூவரும் கறுப்பின இளைஞர். அவ்விரவிலேயே அவர்கள்மீது இனவெறி வசைகள் குவிந்தன. காவல்துறையினர் பலரைக் கைது செய்யும் அளவுக்குக் குவிந்தன. அந்நாட்டின் நல்லோர் மிகப் பலர் அதனைக் கண்டித்தனர். மான்செஸ்டரில் மாசுபடுத்தப்பட்ட ராஷ்போர்டின் சுவரோவியத்தை மக்கள் அன்பு மடல்களால் மூடினர். வசைபாடியோர் சிலரே ஆயினும், அவர்களின் மனத்தை நாம் ஆராயாமல் விடுவதற்கில்லை.

ஏனெனில், புதன்கிழமை ஜமைக்காவில் பிறந்த ஸ்டெர்லிங் விழுந்தபோது அவர் ‘நம்மவர்’. அவர் பெற்றது தகும் என்று சாதிக்க ஆயிரம் வாய்கள் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை மூவர் தவறியதும், வசைபாடியோர்க்கு அவர்கள் ‘அயலவர்’ ஆயினர். ஆகவே ‘நம்மவர்’ என்னும் சொல்லில் அந்த ஆட்டக்காரர் என்றுமே இருந்ததில்லை. வெற்றி மட்டுமே இருந்தது. தகாத உதையைத் தகும் என்று சொன்ன விருப்பும், தகாத வசையை வாரி இறைத்த வெறுப்பும் ஒரு வேரில் கிளைத்தவை. முன்னது தீங்கற்ற விளையாட்டு என்றும் பின்னது மட்டுமே கொடுமை என்றும் பிரித்துவைப்பது நமக்கு உடன்பாடன்று.

இந்த நம்மவர்க் கணக்கை நம் சங்கத்தார்க்கு விளக்கவேண்டுவதில்லை. அறுவடைக் களத்தில் நம் ஆள் என்றும், பந்தியில் அயலான் என்றும் எண்ணப்பட்டவர்களின் வழித்தோன்றல்கள் நாம். ஊர்ச்சபையில் வழக்குரைத்தபோது, நடந்தது என்ன என்று கேளாமல், நடத்தியவன் யார் என்று கேட்ட நடுவர்களை நம் முன்னோர் கண்டிருக்கின்றனர். அதனாலேயே, நம் இளைஞர் தம் விருப்ப அணிக்காக வாதாடும்போது அந்த நடுவரின் குரல் சிறிதே ஒலித்தாலும் நம் செவிக்கு அது உடனே புலப்படுகிறது.

சாக்கா 2024 சூலை 6ஆம் நாள் சுவிட்சர்லாந்துக்கெதிராக மீண்டும் தண்டனை உதைக்கு வந்து கோலடித்தார்; இங்கிலாந்து வென்றது. நான்கு நாட்களுக்குப்பின் டார்ட்மண்டில் நெதர்லாந்தோடு அரையிறுதி. கேன் பந்தை உதைத்த பின்னர் டச்சுக்காரர் ஒருவரின் கால் அவர் காலில் பட, நடுவர் திரையைப் பார்த்து இங்கிலாந்துக்குத் தண்டனை உதை வழங்கினார், கேன் கோலாக்கினார். மறுபடியும் அதே வழக்கு எழுந்தது. இம்முறை இங்கிலாந்து அணிக்குப் பல்லாண்டு தடுப்பாட்டக்காரராக விளங்கிய கேரி நெவில், அத்தீர்ப்பு வெட்கக்கேடானது என்று தம் நாட்டுத் தொலைக்காட்சியிலேயே அன்றிரவு உரைத்தார். அவர் சொல்லால் அக்கோல் அழியவில்லை. ஆட்டம் 2–1 என்று இங்கிலாந்தின் வெற்றியாகவே ஏட்டில் நிற்கிறது.