பார்க்கத் தந்ததும் திருத்தத் தந்ததும்

பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடைப்பட்ட எல்லை ஊர்களில் காதுக்குத் தமிழ், கண்ணுக்கு மலையாளம் என்று வளர்ந்தவர்கள் உண்டு. 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தமிழர் கேட்டுப் போராடிய நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. வீட்டுப் பேச்சில் தமிழ் தங்கியது, பள்ளிக்கூடத்தில் எழுத்து மாறியது. இப்படியோர் ஊர்ச் சபைக்குத் தமிழ்ப் பாடல்கள் அடங்கிய ஸ்லைடுஷோ ஒன்று வாட்ஸ்அப்பில் வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டு எல்லோருக்கும் தெரியும். திரையில் ஓடும் எழுத்து பிள்ளைகளுக்கு வாசிக்க வராது. ஒவ்வோர் அடிக்கும் கீழே அதே அடியை மலையாள எழுத்தில் சேர்த்தால் முடிந்தது. ஆனால் கோப்போ ‘பிபிஎஸ்எக்ஸ்’ வகை. திறந்ததுமே முழுத்திரையில் ஓடத் தொடங்குகிறது, எஸ்கேப் அழுத்தினால் மூடிக்கொள்கிறது, திருத்துவதற்கு இடமே தருவதில்லை. பார்க்கத் தந்ததைத் திருத்தலாமா? பாட்டும் மந்திரமும் கோயிலும் நமக்கு முன்னோர் கையிலிருந்து பெற்றவையாகவே வந்திருப்பதால், இந்தக் கேள்வி கணினியோடு நிற்பதில்லை.

முதலில் அந்தக் கோப்பு உண்மையில் எதைத் தடுக்கிறது என்று பார்க்க வேண்டும். பவர்பாயிண்டை முதலில் திறந்து, ஃபைல், ஓப்பன் வழியாக அதே கோப்பைத் திறந்தால், ஸ்லைடுகள் திருத்தும் நிலையில் வந்து நிற்கும். பிறகு ‘சேவ் ஆஸ்’ கொடுத்து ‘பிபிடிஎக்ஸ்’ ஆகச் சேமித்தால் போதும். லிப்ரேஆபிஸ் இம்ப்ரெஸிலும் திறக்கலாம். இரண்டு வகைக் கோப்புகளும் உள்ளே ஒரே மாதிரி கட்டப்பட்ட ஜிப் பொட்டலங்கள்தாம். ஸ்லைடுக்கு ஒரு எக்ஸ்எம்எல் கோப்பு, படங்களுக்குத் தனி அடைவு, எல்லாம் ஒன்றே. தன்னை ஸ்லைடுஷோ என்று சொல்லிக்கொள்கிறதா, பிரசன்டேஷன் என்று சொல்லிக்கொள்கிறதா என்ற ஓர் அறிவிப்பிலும் பெயரின் வால் எழுத்திலும்தான் வேறுபாடு. ஆகவே அது பூட்டு அல்ல, சாத்தி வைத்த கதவு. ‘மார்க் ஆஸ் ஃபைனல்’ போட்ட கோப்பும் இப்படித்தான்: மேலே மஞ்சள் பட்டை தெரியும், அதிலேயே ‘எடிட் எனிவே’ பொத்தானும் இருக்கும். திருத்துவதற்குக் கடவுச்சொல் வைத்த கோப்பு வேறு. அங்கே ஒருவர், என்னைக் கேட்காமல் தொடாதே என்று வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். அதை உடைக்கும் கருவி கிடைக்கிறது என்பதற்காக அவர் சொல் இல்லாமல் போய்விடாது. அவரிடம் கேட்பதுதான் முறை.

தடையைப் போட்டவர் யார் என்பது அடுத்த கேள்வி. ஆக்கியவர் போட்ட தடைக்கு ஒரு மதிப்பு உண்டு. கையில் வைத்திருப்பவர் போட்டதற்கு அந்த மதிப்பு கிடையாது. இந்த வேறுபாட்டை நெய்யாற்றங்கரையைப் போலத் தெளிவாகக் காட்டிய இடம் குறைவு. 1888 சிவராத்திரியன்று அந்தக் கரையிலுள்ள அருவிப்புறத்தில், ஈழவர் சமூகத்தில் பிறந்த துறவி நாராயண குரு, ஆற்றில் மூழ்கி எடுத்த கல்லைச் சிவலிங்கமாகப் பிரதிஷ்டை செய்தார். ஈழவர் போன்ற சமூகத்தாருக்குக் கோயிலுக்குள் நுழையவே உரிமை இல்லாத காலம் அது. பிரதிஷ்டை செய்வது பிராமணருக்கே உரியது என்பது நடைமுறை. ஆனால் குரு எந்தக் கோயிலின் கதவையும் உடைக்கவில்லை, எந்தச் சிலையையும் பெயர்க்கவில்லை. சிவனை வழிபடும் முறையை அப்படியே எடுத்துக்கொண்டு, அதை வேறோர் இடத்தில், எல்லோருக்கும் திறந்த நிலையில் அமைத்தார். மூலம் இருந்த இடத்தில் இருந்தது. பிரதி புதிதாகப் பிறந்தது. இதைச் செய்தவர் யார் என்பதிலும் ஒளிவுமறைவு இல்லை. கேட்டவர்களுக்கு நேருக்கு நேர் பதில் சொன்னார், சாதி வேற்றுமையும் மதப் பகையும் இன்றி அனைவரும் உடன்பிறந்தாராக வாழும் இடம் இது என்ற பொருளில் அங்கே எழுதியும் வைத்தார். காவலராக இருந்தவர்கள் சிவனை ஆக்கியவர்கள் அல்லர். ஆகவே அவர்களிடம் அனுமதி கேட்க வேண்டிய கடன் அவருக்கு இல்லை.

தலைமுறை தலைமுறையாக மனிதரைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய கொடுமையையும் ஒரு கோப்பின் வால் எழுத்தையும் பக்கத்தில் வைப்பது முறையா என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். இரண்டின் கனமும் ஒன்றல்ல. கோப்பைத் திறந்தவரை யாரும் அடிக்கப்போவதில்லை. கோயில் தடைக்குப் பின்னால் அரசும் தண்டனையும் இருந்தன. நான் ஒப்பிடுவது துன்பத்தை அல்ல, நியாயத்தின் வடிவத்தை. அந்த வடிவத்துக்கும் ஓர் எல்லை உண்டு: பிரதி எடுத்துக்கொள் என்ற விடை எல்லா இடத்துக்கும் போதாது. 1924-இல் வைக்கத்தில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடக்கும் உரிமைக்காகச் சத்தியாகிரகம் நடந்தபோது, உங்களுக்கு வேறு தெரு போட்டுக்கொள்ளுங்கள் என்பது பதிலாகியிருக்காது. பொதுவானதைப் பூட்டினால் அந்தப் பூட்டைத்தான் எடுக்க வேண்டும். கோயில்களின் பூட்டைத் திருவிதாங்கூர் அரசு 1936 நவம்பர் 12 அன்று ஆலயப் பிரவேச விளம்பரத்தின் மூலம் எடுத்தது. அருவிப்புறத்துக்கு 48 ஆண்டுகள் கழித்து.

இதைவிடக் கடினமான மறுப்பு வேறொன்று. ஆளாளுக்குத் திருத்தத் தொடங்கினால் மூலம் என்ன ஆகும்? புனிதச் சொல்லில் ஓரெழுத்து பிசகினாலும் பொருள் கெடும் என்று அஞ்சுவோர் வீணாக அஞ்சவில்லை. தமிழ் நூல்களில் இடைச்செருகல் புகுந்த வரலாறு நமக்குத் தெரியும். ஆனால் இடைச்செருகலின் குற்றம் எழுதியதில் இல்லை. தன் பெயரைச் சொல்லாமல், மூலத்தோடு மூலமாகக் கலந்துவிட்டதில்தான் இருக்கிறது. உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க முடிந்தது ஏடு ஒன்று பூட்டிக் காக்கப்பட்டதால் அல்ல. பலர் பல ஊர்களில் படியெடுத்து வைத்திருந்ததால். அந்தப் படிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டன. அந்த வேறுபாடுகளை ஒப்பிட்டுத்தான் அவரால் மூலத்தை நெருங்க முடிந்தது. தொடவே விடாத ஒற்றை ஏடு செல்லுக்கு இரையானால் அதோடு எல்லாம் போயிற்று.

இன்னொன்றும் உண்டு. ஆக்கியவரே தம் ஆக்கத்தை முடிந்த முடிபாகக் கருதவில்லை என்றால் பின்வருவோர் ஏன் கருத வேண்டும்? கல்லை நிறுவிய குரு பின்னர் வேறோர் ஊரில் விளக்கை நிறுவினார், 1927-இல் களவங்கோட்டில் கண்ணாடியை நிறுவினார். தமிழ் நூலான ஒழிவிலொடுக்கத்தை மலையாளத்துக்குக் கொண்டுசென்றவரும் அவரே. பெற்றதை அடுத்தவருக்கு எட்டும் வடிவில் தருவது அவருக்குப் பக்தியின் ஒரு பகுதியாகவே இருந்தது. மலையாள எழுத்தில் ஓர் அடி சேர்ப்பதும் அந்த வரிசையில் மிகச் சிறிய ஒரு செயல். பாட்டின் சொல்லை அது மாற்றவில்லை. பாட முடியாமல் நின்ற பிள்ளையைப் பாட வைக்கிறது.

எனவே அந்தக் கோப்பைத் திறக்கலாம். வந்த பிபிஎஸ்எக்ஸைத் தொடாமல் தனியே வைக்க வேண்டும். புதியதை வேறு பெயரில் சேமித்து, முதல் ஸ்லைடில் யாருடைய தொகுப்பு, யார் எதைச் சேர்த்தார், எந்தத் தேதியில் என்று எழுத வேண்டும். தொகுத்தவர் யாரென்று தெரிந்தால் ஒரு பிரதியை அவருக்கும் அனுப்ப வேண்டும்; வேண்டாம் என்று அவர் சொன்னால் பரப்புவதை நிறுத்திவிட வேண்டும். மற்றவர்களுக்கு அனுப்பும்போது அதை மீண்டும் பிபிஎஸ்எக்ஸாக மாற்றாமல் பிபிடிஎக்ஸாகவே அனுப்பலாம். எழுத்துப்பிழை கண்ட பக்கத்து ஊர்க்காரர் தாமே திருத்திக்கொள்ளட்டும்.