துறவுக்குத் தவணை உண்டோ?

துறவு வாழ்நாள் முழுவதற்குமான உறுதி. வதிவிட விசா ஒரு தவணைக்குரிய அனுமதி. சமயப் பணிக்கெனப் பிறநாட்டிலிருந்து இலங்கைக்கு வரும் குருமாரும் துறவியரும் இவ்விரண்டிற்குமிடையே வாழ்கின்றனர். அழைக்கும் நிறுவனம் வேண்டுகோள் விடுக்க, சமய அலுவல்களுக்குப் பொறுப்பான அமைச்சு பரிந்துரைக்க, குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் அனுமதி வழங்குகின்றது. தவணை முடிந்ததும் அது புதுப்பிக்கப்படல் வேண்டும். இம்முறை அறத்தோடு பொருந்துவதா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

இவ்வினாவுக்குக் கண்டி மாநகரின் வரலாறு விடைபகர வல்லது. கோவாவைச் சேர்ந்த யோசவ் வாஸ் அடிகள் 1692இல் கண்டிக்கு வந்தபோது, போர்த்துக்கேயரின் ஒற்றரென ஐயுறப்பட்டுச் சிறையிடப்பட்டார். பின்னர் விடுதலை பெற்றுப் பணிபுரிந்து, 1711இல் இந்நகரிலேயே உயிர்நீத்தார். கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கனின் வேண்டுகோளின்படி 1753இல் சயாமிலிருந்து வந்த உபாலி தேரர், இலங்கையில் அற்றுப்போயிருந்த உபசம்பதையை மல்வத்தை விகாரையில் மீள நிலைநாட்டினார். மூன்றாண்டுகளில், 1756இல், அவரும் கண்டியிலேயே காலமானார். ஆயின் அவர் தொடக்கிய சியாம் நிக்காயம் இன்றும் நிலவுகின்றது. பணியின் பெறுமதியைத் தங்கிய காலத்தால் அளத்தல் இயலாதென்பது இதனாற் பெறப்படும்.

எனினும், அரசின் அச்சத்தை வெறும் வெறுப்பென ஒதுக்குதலும் நேர்மையன்று. அதே மன்னனை 1760இல் அகற்றிவிட்டு, துறவிக் கோலத்திலிருந்த சயாம் இளவரசர் ஒருவரை அரியணையேற்றச் சதி நிகழ்ந்தது. துறவுடை எவரையும் சட்டத்துக்கு அப்பாற்பட்டவராக்குவதில்லை. வருபவர் யார், எதற்காக வருகின்றார் என வினவும் உரிமை அரசுக்கு உண்டு.

அவ்வாறாயின் குறை எங்குளது? தவணையில் அன்று; அது எவர் கையில் தங்கியுள்ளது என்பதிலேயே உளது. குருவின் கடமை சடங்கு நிகழ்த்துவதோடு முடிவதன்று. ஊரார் பிழை செய்யின் இடித்துரைத்தலும் அவர் கடனே. தமிழகத்திலிருந்து வந்த அர்ச்சகர் ஒருவர் கோயிலொன்றிற் பணிபுரிகின்றார் எனக் கொள்வோம். சாதியின் பெயரால் ஒருவரை நிருவாகத்தினர் வாயிலில் நிறுத்துகின்றனர். அடுத்த தவணைக்கு அவர்களது கடிதமே வேண்டுமெனில், அவ்வர்ச்சகர் வாய்திறப்பாரா? உள்ளூர்க் குருவும் பதவியிழக்க அஞ்சலாமே எனச் சிலர் கூறுவர். உண்மையே, ஆனால் அவர் இழப்பது பதவியை மட்டுமே. பிறநாட்டவரோ தாம் தங்கியிருக்கும் உரிமையையே இழப்பர்.

எனவே, குற்றமின்றிப் பல்லாண்டு பணிபுரிந்தவரின் அனுமதி, அழைத்தோரின் விருப்பத்தில் அன்றி அவரது ஒழுக்கத்தில் தங்கியிருத்தல் வேண்டும். இது இயலாததன்று. ஜேர்மனியிற் பிறந்த ஞானபோனிக தேரர் 1951இல் இலங்கைக் குடியுரிமை பெற்று, கண்டி உடவத்தைக்கலை வனத்திற் பல்லாண்டு வாழ்ந்து, எவர் தயவையும் நாடாது நூற்பணி ஆற்றினார்.

அழைப்போருக்கும் ஒரு கடமை உண்டு. கண்டியைச் சூழ்ந்த தோட்டங்களில் உழைத்த தமிழர், 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். பத்திரம் ஒன்றில்லாமையால் மனிதர் குரலிழப்பதன் துயரை அவர்தம் வழிவந்தோர் நன்கறிவர். அத்துயரை அறிந்த சமூகம், தன் கோயிலுக்கு அழைத்த குருவை அதே அச்சத்தில் நிறுத்தி வைத்தல் தகுமா? அச்சத்தில் வாழும் குருவிடம் ஆசி பெறலாம். அறிவுரை பெறுதல் அரிது.